ஸ்டியரிங்கில் கியர்: பட்டனா, பேடிலா?

ஹட்டன் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, நான் ஒரு பங்களா ஹோட்டலுக்கு ஓடுறேன். விருந்தாளிகள ஏத்தி எறக்க முதலாளி ஒரு பெரிய கார் எடுக்கப் பாக்குறார். ரெண்டு கார் பாத்து வச்சிருக்கார். ஒண்ணு 2010 போர்ஷே பனமேரா, ஸ்டியரிங்லயே கியர் பட்டன். மத்தது 2012 ஜாகுவார் எக்ஸ்ஜே, ஸ்டியரிங்குக்குப் பின்னால பேடில். ஓட்டப்போறவன் நீதானேன்னு என்கிட்டயே கேக்குறார். நான் வேற வண்டிகளும் ஓட்டுவேன், சில நாள் பின்னேரம் இன்னொரு சாரதியும் இத எடுப்பார். நம்ம ரோட்டுக்கு எது சரி? நெசமாவே வித்தியாசம் இருக்கா, இல்ல சும்மா பவுசுக்கா?"

தம்பி, வித்தியாசம் இருக்கிறது. ஆனால் கொழும்பில் கார் விற்கிறவர் சொல்லும் வித்தியாசம் அது இல்லை. பேடில் வைத்த காரில் கியர் வேகமாக விழும் என்பார். தலையாட்டிவிட்டு வாருங்கள். பேடில் என்பது ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கிற தகடு. பேடிலும் சுவிட்ச், பட்டனும் சுவிட்ச். கியர்பெட்டியின் கணினிக்கு நாம் போடுகிற விண்ணப்பம், அவ்வளவுதான். தோட்டத்து ஆபீசில் லீவுக்கு எழுதிக் கொடுப்பது போல: எழுதுவது நாம், கையெழுத்துப் போடுவது தொரை. கியரைக் குறைத்தால் என்ஜின் சுற்று எல்லை தாண்டும் என்று கண்டால் கணினி அசையவே அசையாது. நீங்கள் எத்தனை தடவை இழுத்தாலும் சரி. கியர் விழும் வேகம் பெட்டியைப் பொறுத்தது, விரல் தொடுகிற துண்டைப் பொறுத்தது அல்ல.

நான் பதினொரு வருடம் டுபாயில் ஒரு கராஜில் இந்த மாதிரி கார்களின் வயரிங் வேலை பார்த்தவன். இப்போது தலவாக்கலையில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். வேலைக்கு வருவது முக்கால்வாசி பிரியஸ், அல்டோ, லொறி. அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

முதலில் விரல் கணக்கு. ஒரு ஸ்டியரிங்கை ஒன்பதேகால் மணி முள் போல இரண்டு பக்கமும் பிடியுங்கள். பேடிலை இழுக்கும்போது விரல்கள் உள்ளே மடங்குகின்றன. மடங்கினால் பிடி இறுகும். முன்பக்கத்துப் பட்டனை அழுத்த வேண்டுமென்றால் பெருவிரல் வளையத்தை விட்டு எழும்ப வேண்டும், அந்த ஒரு கணம் பிடி தளரும். நேர் ரோட்டில் இது பெரிய விஷயமில்லை. குழி விழுந்த வளைவில், ஸ்டியரிங் கையை உதறுகிற இடத்தில், தளர்ந்த பெருவிரல் வேண்டாத பட்டனிலும் படும். பேடில் பரவியதற்கு அடிப்படைக் காரணம் இதுதான் என்பது என் கட்சி.

பேடில் வந்த கதையும் சுவையானது. 1989இல் ஃபெராரியின் 640 என்ற பந்தயக் காரில் ஜோன் பார்னார்ட் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் கியர் தடியையே எடுத்துவிட்டார். ஒடுங்கிய உடலுக்குள் ஓட்டுபவர் உட்காரவே இடம் போதாது, இதில் தடிக்கும் பின்னால் ஓடும் கம்பிகளுக்கும் எங்கே போவது? ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு தகடு, மிச்சத்தை மின்சாரமும் எண்ணெய் அழுத்தமும் பார்த்துக்கொள்ளும். சோதனை ஓட்டங்களில் அந்தப் பெட்டி அடிக்கடி மக்கர் பண்ணியது. அந்த வருடத்து முதல் பந்தயமான பிரேசிலில் அது கடைசி வரை தாங்கும் என்று அணிக்காரர்களே நம்பவில்லை. நடுப் பந்தயத்தில் ஸ்டியரிங் வளையத்தையே கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டி வந்தது. அப்படியும் நைஜல் மான்செல் வென்றார். எட்டு வருடம் கழித்து, 1997இல், அதே யோசனை எஃப்355 என்ற ரோட்டுக் காரில் வந்தது. அதன் பிறகு யார் வேகக் கார் செய்தாலும் பேடில் வைக்காவிட்டால் ஏதோ குறை என்றாகிவிட்டது.

பட்டன்காரர்கள் வேறு வழியில் வந்தவர்கள். போர்ஷே 1990இல் 911இல் டிப்ட்ரொனிக் என்ற ஓட்டோ கியரைக் கொண்டுவந்து, அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே ஸ்டியரிங்கின் குறுக்குக் கட்டையில் மேல்-கீழ் ஆடும் சுவிட்ச் வைத்துவிட்டது. 2008இல் பிடிகே என்ற இரட்டைக் கிளட்ச் பெட்டி வந்தபோது சுவிட்சின் உருவம் மாறியது: முன்னால் பெருவிரலால் தள்ளினால் கியர் கூடும், பின்னாலிருந்து விரலால் இழுத்தால் குறையும். இடது, வலது இரண்டு பக்கமும் ஒரே வேலை. உங்கள் முதலாளி பார்த்த பனமேராவில் இருப்பது இதுதான். ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர்கள் அதைக் கிழிகிழியென்று கிழித்தார்கள். கொஞ்ச நாளிலேயே கூடுதல் காசுக்குப் பேடில் வைத்த ஸ்டியரிங்கையும் கம்பெனி கொடுக்க ஆரம்பித்தது. இன்றைய போர்ஷேக்களில் அந்தப் பட்டன் இல்லை.

இனித்தான் உங்களுக்குத் தேவையான பகுதி. பெருவிரலால் முன்னால் தள்ளினால் போர்ஷேயில் கியர் கூடுகிறது என்றேன் இல்லையா? நம் ஊரில் இன்னும் ஓடுகிற டொயோட்டா அல்டெஸாவின் ஓட்டோ மாடல் சிலவற்றிலும் ஸ்டியரிங்கில் பட்டன் உண்டு. அதில் முன்பக்கத்துப் பட்டனைப் பெருவிரலால் அழுத்தினால் கியர் குறையும், பின்பக்கத்தில் இருப்பது கூட்டும். 2000களின் நடுவில் வந்த பல பீஎம்டபிள்யூக்களின் தள்ளு-இழு பேடிலும் அப்படித்தான்: தள்ளினால் குறைவு, இழுத்தால் கூடுதல். அதாவது ஒரே கை அசைவுக்கு ஒரு காரில் ஒரு அர்த்தம், இன்னொரு காரில் நேர் எதிர் அர்த்தம்.

இந்தக் குழப்பத்தில் நானே மாட்டியிருக்கிறேன். டுபாயில் காலையில் ஒரு காரை வேலை முடித்து ஓட்டிப் பார்த்தேன், பின்னேரம் இன்னொன்று. ஹத்தா மலை ரோட்டில் இறங்கும்போது, வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு வருவதாக நினைத்துப் பெருவிரலை அழுத்தினேன். கார் நாலுக்குப் போய் இலகுவாக ஓட ஆரம்பித்தது. தப்பு என்னுடையதுதான், காலைக் காரின் பழக்கம் கையிலேயே இருந்துவிட்டது. பிரேக்கை மிதித்துச் சமாளித்தேன். ஆனால் அந்த அரை நொடி வயிறு குளிர்ந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. தனி இடது-வலது பேடில் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை: வலது கூட்டும், இடது குறைக்கும். எந்த நாட்டுக் காரானாலும், ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் அதுதான் வழக்கம். இன்றைக்கு ஹோட்டல் கார், நாளைக்கு மச்சானின் வேன், மறுநாள் கல்யாண ஹயர் என்று மாற்றி மாற்றி ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இனி நம்ம வளைவுகள். நுவரெலியாவிலிருந்து லபுக்கலை வழியாக றம்பொடைக்கு இறங்கும் ரோட்டை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்கே கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை அரைச் சுற்றுக்கு மேல் ஒடிக்கிறோம். ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுழலும் பேடில் அந்த நேரத்தில் தலைகீழாக நிற்கும். கூட்டுகிற பேடில் இடது பக்கம், குறைக்கிறது வலது பக்கம். கையும் வளையத்தில் இடம் மாறியிருக்கும். ஃபெராரி, லம்போர்கினி போன்றவர்களும் 2003இல் வந்த பென்ட்லி கொண்டினென்டல் ஜிடியும் இதனால்தான் பேடிலை ஸ்டியரிங்கில் வைக்காமல் அதன் தண்டில், அசையாமல் நிற்க வைத்தார்கள். வளையம் எப்படிச் சுற்றினாலும் பேடில் அதே இடத்தில் இருக்கும். ஆனால் அதற்கும் ஒரு செலவு உண்டு. நீண்ட பேடில் நடுவில் வந்துவிடுவதால் சிக்னல் தடியும் வைப்பர் தடியும் விரலுக்குத் தூரமாகிவிடும். அந்த பென்ட்லியில் பேடிலே விரலுக்கு எட்டாத தூரம் என்ற குறையும் எழுந்தது. நிசான் ஜிடி-ஆர் முதலில் தண்டில் வைத்துவிட்டு, 2017 மாடலில் ஸ்டியரிங்குக்கே மாற்றியது. ஆக, கார் செய்கிறவர்களுக்குள்ளேயே வழக்கு முடியவில்லை.

என் தீர்ப்பு இது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலே சட்டென்று திரும்பும் வேகக் காரில் கை வளையத்தை விட்டு நகர்வதே இல்லை. அங்கே எங்கே வைத்தாலும் சரி. மெதுவாகத் திரும்பும் சொகுசுக் காரில் வளைவுக்குள் கை எப்படியும் இடம் மாறும். அதனால் வளைவுக்குள் போனபின் கியரைத் தொடவே கூடாது. வளைவு கண்ணில் பட்டதும், ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே குறைத்துவிட வேண்டும். பழைய லேலண்ட் லொறி ஓட்டிய பெரியவர்களும் இதைத்தான் சொல்வார்கள், அவர்களிடம் பேடிலும் இல்லை, பட்டனும் இல்லை.

பட்டனுக்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. நம்ம ரோட்டில் ஒரு கை எப்போதும் வேறு வேலையில் இருக்கும். மூடுபனியில் வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிக்க வேண்டும். ஐரோப்பியக் கார்களில் சிக்னல் தடி இடது பக்கம். இடது பக்கம் தோட்ட ரோட்டுக்குத் திரும்பும்போது சிக்னல் போடுவதும் இடது கை, பேடிலில் கியரைக் குறைப்பதும் அதே இடது கை. போர்ஷேயின் பட்டன் இரண்டு பக்கமும் ஒரே வேலை செய்வதால், சும்மா இருக்கிற கையாலேயே கூட்டலாம், குறைக்கலாம். மெக்லாரன் இதற்கு ஒரு கெட்டிக்கார வழி கண்டது. இரண்டு பேடிலும் நடுவில் அச்சு வைத்த ஒரே துண்டு, ஏற்ற மரம் மாதிரி ஆடும். வலதை இழுத்தாலும் இடதைத் தள்ளினாலும் கியர் கூடும். மறுபக்கத்துக்கும் அதேதான். பேடிலின் தெளிவும் ஒற்றைக் கை வசதியும் சேர்ந்தே கிடைக்கின்றன. உங்கள் முதலாளி அதை வாங்கப் போவதில்லை என்பது வேறு.

மஹகஸ்தோட்டையில் 1934இல் தொடங்கிய ஏற்றப் பந்தயத்தை ஏப்ரல் சீசனில் பார்த்திருப்பீர்கள். ஏறுவதற்கு நீங்கள் பேடிலை நினைக்கவே வேண்டாம். இந்தக் காலத்து ஓட்டோ பெட்டி ஏற்றத்தில் நம்மைவிட நன்றாக முடிவெடுக்கும். நமக்கு வேலை இறக்கத்தில்தான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். கம்பளை அதற்கு 1300 மீற்றருக்கும் மேல் கீழே. ஆட்களோடும் பெட்டிகளோடும் இரண்டு தொன் வரும் கார் அந்த 1300 மீற்றர் இறங்கும்போது விடுகிற சக்தி சுமார் 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதைக்கொண்டு 75 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். டயரும் காற்றும் அதில் கணிசமான பங்கைத் தின்னும். மிச்சத்தை யாராவது சாப்பிட்டாக வேண்டும்: ஒன்று பிரேக், இல்லை என்ஜின். எல்லாவற்றையும் பிரேக் தலையில் கட்டினால் தட்டு சிவக்கும், அந்தச் சூடு எண்ணெய் வரை போகும். டொட் 4 பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகையில் கொதிக்கும். காற்றின் ஈரத்தைக் குடித்துப் பழசானால் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். நம்ம ஊர் ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி, கால் நேரே தரைக்குப் போகும்.

ஆகவே குறைக்கிற பேடிலுக்கு நம்ம ஊரில் பெயர் வேகமல்ல, என்ஜின் பிரேக்: கியரைக் குறைத்து என்ஜினாலேயே காரைப் பிடித்து வைப்பது. இங்கேதான் பேடில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். கியர் 'டி'யில், அதாவது சாதாரண ஓட்டோவில், இருக்கும்போது இடது பேடிலை இழுத்தால் கார் கேட்கும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். சில நொடிகள் பேடிலைத் தொடாமல் விட்டால் பல கார்கள் தானாகவே ஓட்டோவுக்குத் திரும்பி, மேல் கியருக்குப் போய்விடும். நேர் ரோட்டில் அது வசதி. நீண்ட இறக்கத்தில், நீங்கள் என்ஜின் பிடித்துக்கொண்டிருப்பதாக நம்பியிருக்கும்போது, அது கையை விட்டமாதிரி. ஜாகுவாரில் கியர் தேர்ந்தெடுக்கும் வட்டக் குமிழை 'எஸ்'ஸுக்கு (ஸ்போர்ட்) திருப்பிவிட்டுப் பேடிலை இழுங்கள், அப்போது நீங்கள் வைத்த கியர் நிற்கும். மீண்டும் ஓட்டோ வேண்டுமென்றால் கூட்டுகிற பேடிலை ஒரு நொடி போல இழுத்துப் பிடித்தால் போதும். பனமேராவில் லீவரை 'எம்' (மனுவல்) பக்கம் தள்ள வேண்டும். அப்படித் தள்ளியபின் லீவரையே முன்னும் பின்னும் தட்டி கியர் மாற்றலாம், பட்டன் பிடிக்காதவர்களில் பலர் அப்படித்தான் ஓட்டினார்கள். கவனம், அந்தக் காலத்துப் போர்ஷே லீவரில் முன்னால் தள்ளினால் கூடும், பின்னால் இழுத்தால் குறையும். பந்தயக் கார்களில் இது நேர் எதிர். போர்ஷே தானும் பிறகு தன் ஜிடி3இல் அதைத் திருப்பிப் போட்டது.

எந்தக் கியர் என்று கேட்பீர்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதில் இறங்குங்கள் என்ற பழைய கணக்கு, இத்தனை கியர் வைத்த இந்தக் காலத்துப் பெட்டிக்கு அப்படியே பொருந்தாது. பிரேக்கைத் தொடாமலே வேகம் கூடாமல் நிற்கிற கியரைக் கண்டுபிடியுங்கள். றம்பொடை வளைவுகளில் பெரும்பாலும் அது இரண்டு அல்லது மூன்றாக இருக்கும். என்ஜின் கொஞ்சம் உறுமும். பின்சீட்டு விருந்தாளி "என்ன சத்தம்?" என்றால் "மலைக்கு அப்படித்தான் சேர்" என்று சொல்லிவிடுங்கள்.

இடையில் ஒரு வார்த்தை, பிரியஸ், அக்வா மாதிரி ஹைப்ரிட் கார் வைத்திருக்கும் மற்றவர்களுக்காக. உங்கள் காரில் பேடில் இல்லை, கியர் லீவரில் 'பி' இருக்கிறது (பார்க்கிங் P அல்ல, பிரேக்குக்கான B). மூன்றாம் தலைமுறை பிரியஸின் பற்றரி மொத்தமே 1.3 யூனிட்தான் கொள்ளும். மேலே சொன்ன கணக்கோடு வைத்துப் பாருங்கள்: பாதி இறக்கத்திலேயே பற்றரி நிரம்பிவிடும், அதன்பின் மின்சாரமாகப் பிடிக்க இடமில்லை. 'பி'யில் போட்டால் கார் என்ஜினைச் சுற்ற வைத்து மிச்சத்தைத் தின்னும். மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைப்ரிட் வைத்திருப்பவர்களின் பேடில் கியரே மாற்றுவதில்லை, எவ்வளவு மின்சாரமாகப் பிடிக்க வேண்டும் என்பதைத்தான் மாற்றுகிறது. உருவம் ஒன்று, வேலை வேறு.

பழைய கார் எடுக்கிறீர்கள், அதனால் வயரிங்காரனாக இரண்டு விஷயம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் பதினைந்து வயசுக் கார்கள் கூட நல்ல விலையில் கைமாறிக்கொண்டிருக்கின்றன, விளம்பரத்தில் "பெடல் ஷிஃப்ட்" என்று பெருமையாகப் போட்டு. (அது பேடில். பெடல் காலுக்குக் கீழே இருக்கிறது. விட்டுவிடுவோம்.)

ஸ்டியரிங்கோடு சுழலும் எந்தச் சுவிட்சுக்கும், பட்டனோ பேடிலோ, வயர் போவது ஸ்பைரல் கேபிள் என்கிற சுருள் நாடா வழியாக. எயார்பேக்கும் ஹோர்னும் அதே வழிதான். வளைவு அதிகமான ரோட்டில் ஓடிய காரில் அந்த நாடா நேர் ரோட்டுக் காரைவிட எத்தனையோ மடங்கு சுருண்டு விரிந்திருக்கும். போன வருடம் ஒரு சொகுசுக் கார் வந்தது: ஒரு நாள் பேடில் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. கியர்பெட்டி போய்விட்டது என்று வேறெங்கோ பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள். ஹோர்ன் அடித்துப் பார்த்தேன், ஸ்டியரிங் நேராக இருந்தால் அடிக்கிறது, ஒடித்தால் இல்லை. நாடாவை மாற்றினோம், முடிந்தது. ஆகவே பார்க்கப் போகும் காரில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஒவ்வொரு நிலையிலும் ஹோர்ன் அடித்துப் பாருங்கள், கியரையும் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். எயார்பேக் விளக்கு எரிகிறதா, அல்லது எரியாமலிருக்க பல்பையே மறைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சாவி போட்டதும் அது ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும்.

இரண்டாவது, பட்டனின் மேற்பூச்சு. அந்தக் காலத்து ஐரோப்பியக் கார்களில் மெத்தென்ற ரப்பர் பூச்சு பூசிய பட்டன்கள் நிறைய. வியர்வையும் ஈரமும் பட்டுப் பட்டு அது பலாப்பிசின் போல ஒட்ட ஆரம்பிக்கும். அழுத்தினால் மேலே வர யோசிக்கும். பேடிலில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

உங்கள் இரண்டு காரில் என் கை ஜாகுவார் பக்கம் போகும். பட்டன் பேடில் மட்டும் பார்த்துச் சொல்கிறேன், மற்றப்படி பனமேரா ஓட்டுவதற்கு இனிமையான கார்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. நீங்கள் ஒரே காரை மட்டும், வருடக்கணக்கில் ஓட்டப்போகிறவர் என்றால் ஒரு மாதத்தில் அந்தப் பட்டன் கைக்குப் பழகிவிடும், ஒற்றைக் கை வசதியையும் ரசிப்பீர்கள். ஆனால் நீங்கள் வேறு வண்டிகளையும் ஓட்டுகிறவர், சில நாள் பின்னேரம் இன்னொரு சாரதியும் இதை எடுப்பார். முதலாளி பனமேராதான் என்று நின்றால், பேடில் ஸ்டியரிங் வைத்து வந்த பனமேராவாகத் தேடச் சொல்லுங்கள். அப்படியும் இருக்கின்றன. தனியே ஸ்டியரிங்கை வாங்கி மாட்டலாம் என்று யாராவது சொன்னால், எயார்பேக்கோடு விளையாடுகிற வேலை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கக் கொழும்பு ரோடு போதாது. விற்கிறவரையும் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவ வரை வாருங்கள், இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டுப் பாருங்கள், கார் அதே கியரில் நிற்கிறதா, தானாகக் கூட்டிக்கொள்கிறதா என்று. அப்படியே சர்வீஸ் புத்தகத்தில் பிரேக் எண்ணெய் கடைசியாக மாற்றிய பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.